கெமோமில் என்பது எந்தச் செடி? குடும்பம், பரவல், அடையாளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இன்று பல வீடுகளில் கெமோமில் டீப் பொட்டலம் இருக்கிறது. விதை வாங்கி வளவில் தொட்டி வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. வாங்கிய பூ உண்மையில் எது, அது எந்த நாட்டுச் செடி, நம் ஊரில் வருமா என்ற கேள்விகளுக்கான பதில்கள் இங்கே இருக்கின்றன. மருத்துவக் குணம் பற்றி எழுதியவர்கள் ஏராளம். செடியை அடையாளம் காண்பது பற்றித்தான் தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை.

கெமோமில் என்பது ஒரே செடியா?

இல்லை. அது ஒரு வணிகப் பெயர். அந்தப் பெயரில் முறையாக விற்கப்படுபவை இரண்டு செடிகள். ஒன்று ஜெர்மன் கெமோமில், தாவரவியல் பெயர் மெட்ரிகேரியா கமோமில்லா. மற்றது ரோமன் கெமோமில், தாவரவியல் பெயர் கமேமெலம் நோபிலே. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு பேரினம். டீப் பையில் வருவது பெரும்பாலும் முதல் வகை.

இவை போக, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் ஏழெட்டுச் செடிகள் ‘காட்டு கெமோமில்’, ‘சாயக் கெமோமில்’, ‘மொராக்கோ கெமோமில்’ என்று அடைமொழியோடு உலவுகின்றன. அடைமொழியைப் பார்த்து வாங்காதீர்கள். பொட்டலத்தில் தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெயர் இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

‘சாமந்திப்பூ டீ’ என்று எழுதுகிறார்களே, அது இதுதானா?

அந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. சாமந்தி அல்லது செவ்வந்தி என்று நாம் சொல்வது கிரிசாந்திமம் பேரினம். நிலக்கோட்டைப் பூச்சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து மாலையாகும் பூ அதுதான். கெமோமில் அதற்கு உறவுச் செடி, அவ்வளவுதான்.

பழைய மூலிகை நூல்களில் கெமோமிலுக்குச் ‘சீமைச் சாமந்தி’ என்ற பெயர் உண்டு. அதில் ‘சீமை’ என்ற முன்னொட்டை விட்டுவிட்டால் செடியே மாறிவிடும். சிவகங்கைச் சீமையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் வேறு, நாட்டுக் கருவேலம் வேறு. சமையலறையிலும் இப்படித்தான். குருமாவுக்குத் தாளிக்கும் அன்னாசிப்பூ அன்னாசிச் செடியின் பூ அல்ல, சீன, வியட்நாம் பக்கத்து மரம் ஒன்றின் காய். பெயர் ஒரு சாடையைச் சொல்லும், உறவைச் சொல்லாது.

யுனானி மருந்துக் கடைகளில் ‘பாபூனா’, ‘குலே பாபூனா’ என்று கேட்டால் கிடைப்பதும் கெமோமில் பூதான். ஆனால் அது ஜெர்மன் வகையா, ரோமன் வகையா என்பதைப் பூவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கெமோமில் என்ற சொல்லின் பொருள் என்ன?

கிரேக்கத்தில் ‘தரை ஆப்பிள்’. செடி தாழ்வாகப் படரும், கசக்கினால் ஆப்பிள் மணக்கும். ஸ்பானிய மொழியில் மன்சனில்லா, அதாவது ‘குட்டி ஆப்பிள்’, என்பதும் இதே மணத்தால் வந்த பெயர். மெட்ரிகேரியா என்பது கருப்பையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெண்களின் உபாதைகளுக்கு ஐரோப்பாவில் இதைக் கொடுத்த பழக்கம் அந்தப் பெயரில் நின்றுவிட்டது.

வகைப்பாட்டில் இதன் இடம் எது? நமக்குத் தெரிந்த செடிகளில் எவை இதற்குச் சொந்தம்?

வரிசை ஆஸ்டரேல்ஸ். குடும்பம் ஆஸ்டரேசியே, அதாவது சூரியகாந்திக் குடும்பம். பழைய நூல்களில் காம்பாசிட்டே என்றிருக்கும், இரண்டு பெயரும் செல்லும். துணைக்குடும்பம் ஆஸ்டராய்டியே. அதற்குள் ஆந்தெமிடியே என்றொரு இனக்குழு. கெமோமில்கள் எல்லாம் இந்த இனக்குழுவில்தான் இருக்கின்றன.

சூரியகாந்திக் குடும்பம் மிகப் பெரியது. கரிசலாங்கண்ணி, வெட்டுக்காயப்பூண்டு, துலுக்கச் செவ்வந்தி, கொட்டைக்கரந்தை எல்லாம் அதில்தான். அதனால் ‘ஒரே குடும்பம்’ என்பதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. இனக்குழுவைப் பார்த்தால்தான் நெருக்கம் தெரியும். ஆந்தெமிடியேக்குள் நமக்கு நன்றாகப் பழகியவை சில உண்டு: தலையில் வைக்கும் மருக்கொழுந்து (ஆர்டிமிசியா பேரினம்), மாலைச் செவ்வந்தி, நாட்டு மருந்துக் கடையில் வேராகக் கிடைக்கும் அக்கரகாரம். அக்கரகாரத்தின் தாயகம் வட ஆப்பிரிக்கா. மருக்கொழுந்தைக் கசக்கி முகர்ந்தால் வரும் காரமான நறுமணமும், செவ்வந்தி இலையின் கசந்த மணமும், கெமோமிலின் ஆப்பிள் மணமும் ஒரே வழியில் வந்தவை. நன்றாக வெட்டுப்பட்ட இலைகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் இந்த இனக்குழுவில் பரவலாகக் காணப்படும் கூறுகள்.

பார்ப்பது ஒரு பூவா, பூக்கூட்டமா?

பூக்கூட்டம். தாவரவியலில் இதைச் சிரமஞ்சரி என்பார்கள். ‘இதழ்’ என்று நாம் நினைக்கும் வெள்ளை நாக்கு ஒவ்வொன்றும் ஒரு தனிப் பெண்பூ, கதிர்ச் சிறுமலர். நடுவில் மஞ்சளாக இருப்பவை குழாய் வடிவ வட்டுச் சிறுமலர்கள், ஒவ்வொன்றிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. இவை எல்லாம் உட்கார்ந்திருக்கும் மேடைக்குப் பூத்தளம் என்று பெயர். கெமோமிலை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தப் பூத்தளம்தான். வெளியே தெரியும் வெள்ளையும் மஞ்சளும் இந்தக் குழுவில் பத்துச் செடிகளுக்குப் பொது.

ஜெர்மன், ரோமன் இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

ஜெர்மன் கெமோமில் ஒருபருவச் செடி. விதை முளைத்து, பூத்து, காய்த்து ஒரே பருவத்தில் முடிந்துவிடும். 15 முதல் 60 செ.மீ. வரை நிமிர்ந்து வளரும், மேல்பகுதியில் கிளைவிடும். தண்டும் இலையும் மொழுமொழுவென்று மயிர் இல்லாமல் இருக்கும். இலை சோம்புச் செடியின் இலைபோல நூல் நூலாகப் பிரிந்திருக்கும். பூத்தளம் முதலில் மேடாகவும், முதிர முதிரக் கூம்பாகவும் எழும். உள்ளே பொள்ளல், அதாவது வெற்றிடம். சிறுமலர்களுக்கிடையே செதில் கிடையாது.

ரோமன் கெமோமில் பல்லாண்டுச் செடி. தரையோடு படர்ந்து வேர்விட்டுப் பரவும், பூக்காம்பு மட்டும் 30 செ.மீ. வரை எழும். இலையிலும் தண்டிலும் மெல்லிய மயிர் உண்டு. பூத்தளம் உள்ளே கெட்டி. ஒவ்வொரு வட்டுச் சிறுமலருக்கும் அடியில் மழுங்கிய நுனி கொண்ட சிறு செதில் ஒன்று நிற்கும். வணிகத்தில் வருவது பெரும்பாலும் அடுக்குப் பூ வகை. மஞ்சள் நடு ஏறக்குறைய மறைந்து, காய்ந்தபின் வெளுத்த பொத்தான்போல இருக்கும். கசப்பும் ஜெர்மன் வகையைவிட அதிகம்.

வீட்டில் பூவை வெட்டிப் பார்த்து உறுதி செய்ய முடியுமா?

முடியும், இதைவிட நம்பகமான வீட்டுச் சோதனை வேறில்லை. புது பிளேடு, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு வெள்ளைத் தட்டு போதும்.

பச்சைப் பூ என்றால் நேரே வெட்டலாம். காய்ந்த பூ என்றால் வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, துணியில் ஒற்றி எடுங்கள். ஊறாமல் வெட்டினால் தூளாகிவிடும், உள் அமைப்பு தெரியாது. வெள்ளை நாக்குகள் கீழ்நோக்கி மடிந்திருக்கும் முதிர்ந்த பூவாகப் பாருங்கள். இது முக்கியம், ஏனென்றால் மொட்டிலும் இளம் பூவிலும் ஜெர்மன் வகையின் பொள்ளல் இன்னும் உருவாகியிருக்காது. இளம் பூவை வெட்டிவிட்டு ‘கெட்டியாக இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடக் கூடாது.

பூவைக் காம்போடு இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாகப் பிடித்து, காம்பிலிருந்து உச்சி வரை நேர் நடுவில் ஒரே இழுப்பாக வெட்டுங்கள். அழுத்தி வெட்டினால் பொள்ளல் நசுங்கி மூடிக்கொள்ளும். பாதியை லென்ஸுக்கு அடியில் வைத்தால், மஞ்சள் சிறுமலர்கள் வெளிப்புறம் வரிசையாக நிற்க, உள்ளே ஒரு குட்டிக் கோபுரம் வெறுமையாக இருப்பது தெரியும். சுவர் மெல்லியது, காகிதம் போன்றது. அது ஜெர்மன் கெமோமில். உள்ளே வெள்ளைச் சோறுபோல நிரம்பியிருந்தால் அது ஜெர்மன் வகை அல்ல.

கெட்டியாக இருந்தால் அடுத்து ஊசி நுனியால் மஞ்சள் சிறுமலர்களில் நாலைந்தைத் தள்ளிவிட்டு, இடையில் செதில் இருக்கிறதா என்று பாருங்கள். மழுங்கிய செதில் தளம் முழுவதும் இருந்தால் ரோமன். ஒரே பூவோடு நிறுத்தாமல் பொட்டலத்தின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலிருந்து ஐந்தைந்து பூ எடுத்துப் பாருங்கள். கலப்படம் இருந்தால் ஒரு பூவில் சிக்காது.

டீப் பைக்குள் பொடியாக அரைத்து வருவதை இந்த முறையில் சோதிக்க வழியில்லை. அடையாளம் பற்றி அக்கறை உள்ளவர்கள் முழுப்பூவாக வாங்குவதற்கு இதுவே போதிய காரணம்.

எந்தெந்தச் செடிகளோடு குழப்பம் வருகிறது?

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது ஆந்தெமிஸ் கோட்டுலா. நாற்றக் கெமோமில் என்று சொல்லலாம். இலையும் பூவும் அச்சு அசலாக ஜெர்மன் வகை. கசக்கினால் துர்நாற்றம், தோலில் பட்டால் சிலருக்குக் கொப்புளம். அதிலுள்ள ஆந்தெகோட்டுலைடு என்ற பொருள்தான் ஒவ்வாமைக்குக் காரணம். பூத்தளம் கெட்டி. செதில்கள் ஊசிபோல ஒல்லியாக, தளத்தின் மேல் பாதியில் மட்டும் இருக்கும். இந்தச் செடி காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ஆக்கிரமிப்புக் களையாகப் பரவியிருக்கிறது. சாகுபடி செய்யாமல் காட்டில் பறித்த பூ என்றால் இந்தக் கலப்பு வர வாய்ப்பு உண்டு.

மணமற்ற கெமோமில் எனப்படும் டிரிப்ளூரோஸ்பெர்மம் இனோடோரம் தீங்கு செய்யாது, ஆனால் பயனும் இல்லை. பூ பெரிது, தளம் கெட்டி, செதில் இல்லை, மணமும் இல்லை. ஆந்தெமிஸ் ஆர்வென்சிஸ் ஐரோப்பிய வயல்களின் களை, அதன் செதில் நுனி கூர்மை. சாயக் கெமோமில் என்ற கோட்டா டிங்டோரியாவின் பூ முழுக்க மஞ்சள், நூலுக்கும் கம்பளிக்கும் சாயம் ஏற்ற வளர்த்தது. அன்னாசி மணம் வீசும் மெட்ரிகேரியா டிஸ்காய்டியாவுக்கு வெள்ளை நாக்கே கிடையாது, பச்சை கலந்த மஞ்சள் கூம்பு மட்டும் இருக்கும். உள்ளே பொள்ளல்தான், ஏனென்றால் அது ஜெர்மன் வகையின் அதே பேரினம்.

இன்னொன்று டனாசீட்டம் பார்த்தீனியம், ஆங்கிலத்தில் ஃபீவர்ஃபியூ. இந்தப் பெயரைப் பார்த்ததும் நம் ஊர் பார்த்தீனியக் களை என்று பதற வேண்டாம். இங்கே ‘பார்த்தீனியம்’ என்பது சிற்றினப் பெயர். நம் தரிசுகளில் மண்டும் களையில் அது பேரினப் பெயர், அந்தக் களை வேறு இனக்குழு. இதனால்தான் தாவரவியல் பெயரை இரண்டு சொல்லும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒரே செடிக்கு ஏன் மூன்று நான்கு லத்தீன் பெயர்கள்?

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட நூலில் மெட்ரிகேரியா கமோமில்லா, மெட்ரிகேரியா ரெகுடிட்டா என்ற இரண்டு பெயர்களுமே இருக்கின்றன. பின்னால் வந்தவர்களில் ஒரு சாரார் முதல் பெயரையும், இன்னொரு சாரார் இரண்டாவதையும் ஜெர்மன் கெமோமிலுக்குப் பயன்படுத்தினார்கள். 1974-ல் ரவ்ஷெர்ட் என்பவர் கமோமில்லா ரெகுடிட்டா என்று பேரினத்தையே மாற்றினார். மருந்து நூல்களிலும் விதைப் பட்டியல்களிலும் மூன்றும் கலந்து கிடக்கின்றன. இன்று பெரும்பாலோர் ஏற்பது மெட்ரிகேரியா கமோமில்லா. விதைப் பாக்கெட்டில் எது இருந்தாலும் செடி ஒன்றே.

ரோமன் வகையை லின்னேயஸ் ஆந்தெமிஸ் நோபிலிஸ் என்றார். 1785-ல் அல்லியோனி அதை கமேமெலம் பேரினத்துக்கு மாற்றினார். எண்ணெய்க் குப்பிகளில் இன்னும் பழைய பெயர் தொடர்வதைப் பார்க்கலாம்.

உலகில் எங்கெங்கே வளர்கிறது?

ஜெர்மன் கெமோமிலின் தாயகமாகத் தெற்கு, கிழக்கு ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் சொல்வார்கள். அது தானிய வயல்களின் களையாக மனிதனோடு நடந்து போன செடி. தானிய விதையில் கலந்து வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா வரை போய், அங்கே தானாகவே முளைத்துப் பரவியிருக்கிறது. சாகுபடியில் எகிப்து, அர்ஜென்டினா, போலந்து, ஹங்கேரி, ஜெர்மனி ஆகியவை பெரிய பெயர்கள். எகிப்தில் ஃபயூம் பகுதி இதற்குப் பேர்போனது. ஹங்கேரியின் பெருஞ்சமவெளியில், மற்றப் பயிர் சரியாக வராத உவர்மண்ணில், இது தானாக விளைந்து கிடக்க, மக்கள் அள்ளிக்கொள்கிறார்கள்.

ரோமன் வகை மேற்கு ஐரோப்பாவின் கடலோர ஈரத்துக்குப் பழகியது. பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், கடலுக்கு அந்தப்பக்கம் வட ஆப்பிரிக்கா. இங்கிலாந்தில் புல்லுக்குப் பதில் இதையே தரை விரிப்பாக வளர்க்கும் பழக்கம் உண்டு. அதற்கென்றே பூக்காத ‘டிரெனீக்’ என்ற வகை இருக்கிறது.

இந்தியாவுக்கு எப்போது வந்தது?

முகலாயர் காலத்திலேயே பஞ்சாப், லக்னோ பக்கம் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். முறையான சோதனைச் சாகுபடி ஜம்முவில் 1957-ல் தொடங்கியது. 1964-65-ல் லக்னோவின் களர் மண்ணில் வைத்துப் பார்த்தார்கள். கார அமில நிலை (pH) 9 வரை உள்ள மண்ணையும் அது தாங்குவது தெரிந்தது. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணப் பயிர்கள் ஆய்வு நிறுவனம் ‘வல்லரி’ போன்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. வடக்கே இது குளிர்காலப் பயிர். புரட்டாசி, ஐப்பசியில் நாற்றுவிட்டு, தையிலிருந்து பங்குனி வரை பூப்பறிப்பார்கள்.

எங்கள் கண்மாய்க்கரையில் வெள்ளையும் மஞ்சளுமாகச் சின்னப் பூ கிடக்கிறது. அது காட்டு கெமோமிலா?

இல்லை. நீங்கள் பார்த்தது அநேகமாக வெட்டுக்காயப்பூண்டு, அதாவது கிணற்றடிப்பூண்டு. நீண்ட ஒற்றைக் காம்பின் உச்சியில் ஒரு பூ, வெளிறிய நாக்கு நாலைந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் பல்போல மூன்று பிளவு. இலை நூலாகப் பிரியாமல் முழுதாக, விளிம்பில் பல்லோடு, சொரசொரவென்று இருக்கும். காய் முதிர்ந்தால் பஞ்சு முளைத்துப் பறக்கும். கெமோமில் காய்க்குப் பஞ்சு கிடையாது.

வெட்டுக்காயப்பூண்டும் பார்த்தீனியமும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கும் வெயில், இங்கும் வெயில், அதனால் வந்த வேகத்தில் வேரூன்றின. கெமோமில் குளிர்ந்த பருவத்தில் முளைத்து வெயிலுக்கு முன் முடித்துக்கொள்ளும் செடி. செட்டிநாட்டில் குளிர்ச்சி என்பது மார்கழி, தை இரண்டு மாதம்தான். அதற்கு முன் வடகிழக்குப் பருவமழை அதன் பொடி விதையை அடித்துக்கொண்டு போகும். பின்னால் மாசி முடிவதற்குள் வெயில் ஏறிவிடும். தானாகப் பரவ இங்கே இடைவெளியே இல்லை.

அப்படியானால் காரைக்குடியில் தொட்டியில் வளர்க்க முடியுமா?

ஜெர்மன் வகையை முடியும், ஒரு பருவத்துக்கு மட்டும். நாள் தவறினால் எதுவும் மிஞ்சாது.

கார்த்திகை நடுவில், பெருமழை ஓய்ந்தபின் விதையுங்கள். ஐப்பசியில் விதைத்தால் மழையில் நாற்றழுகல் வரும், தையில் விதைத்தால் பூக்கும் நேரத்தில் வெயில் பிடித்துக்கொள்ளும். விதை மிகப் பொடி, ஒரு கிராமில் பல்லாயிரம் இருக்கும். ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி சலித்த மணலில் கலந்து, ஈரமான தட்டில் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிடுங்கள். மேலே மண் போடாதீர்கள். இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். ‘முளைக்கவே இல்லை’ என்று வரும் புகார்களில் பல, விதையை மண்ணுக்குள் புதைத்ததால் வருபவை. இன்னும் சில, நம் செம்மண் காய்ந்ததும் மேல்தோல் இறுகி முளையை அடக்குவதால். அதனால் நாற்றுத்தட்டில் செம்மண் வேண்டாம், சலித்த மக்கிய உரமும் மணலும் பாதிப் பாதி போதும்.

தண்ணீரைப் பூவாளியால்கூட ஊற்றாமல் தெளிப்பானால் புகைபோலத் தெளியுங்கள், அல்லது தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து ஊறவிடுங்கள். வளவின் ஓரம் வெளிச்சம் விழுந்து வெயில் விழாத இடம் பொருத்தம். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் முளை தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை: வீட்டு மண்ணைக் கலந்திருந்தால் பார்த்தீனிய நாற்று முந்திக்கொண்டு வரும், இலை வெட்டுப்பட்டிருப்பதால் கெமோமில் என்று நினைத்து வளர்த்துவிடுவார்கள். பார்த்தீனிய இலை அகலமாக, சாம்பல் பச்சையாக, சொரசொரப்பாக இருக்கும். கெமோமிலின் நாலாவது ஐந்தாவது இலையிலிருந்தே நூல் நூலாக, மயிரின்றி வரும், கிள்ளினால் மணக்கும்.

நாலைந்து வாரத்தில் 12 அங்குலப் பைக்கு மூன்று நாற்று வீதம் மாற்றுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. உரத்தை அள்ளிப் போட்டால் இலை கொழுத்து, தண்டு சாய்ந்து, பூ குறையும். கொழுத்த நுனியில் அசுவினி அடையும். போர்த் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், தேங்கும் நீரைப் பொறுக்காது. காலை வெயில் முழுதும், மதியம் 2 மணிக்குமேல் நிழலும் கிடைக்கும்படி வையுங்கள்.

விதைத்த எட்டு முதல் பத்து வாரத்தில் பூக்கும். மாசியில் பறித்து முடித்துவிடுங்கள். பங்குனி வெயிலில் செடி காய்வது உங்கள் தவறல்ல, அதன் ஆயுள் அவ்வளவுதான். மூன்று நான்கு பையிலிருந்து ஒரு வீட்டுக்குச் சில வாரத்துக்கான டீப் பூ கிடைத்தால் நிறைவு கொள்ளலாம். ஏக்கர் கணக்கில் போட நினைப்பவர்கள் அதற்கு முன் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைப் பற்றியும் பருவத்தைப் பற்றியும் பேசிவிடுங்கள்.

ரோமன் வகையை முற்றத்தில் புல்தரைபோல விரிக்கலாமா?

கூடாது. கோடை தாண்டாது. கொடைக்கானல், நீலகிரியில் வீடு இருந்தால் அங்கே முயலலாம்.

பறித்த பூவைக் காயவைப்பது எப்படி?

வெள்ளை நாக்குகள் படுக்கைவாட்டில் நீட்டியிருக்கும்போது, பனி காய்ந்தபின் பறியுங்கள். நாக்குகள் முழுக்கக் கீழே மடிந்த பூ காயும்போது உதிர்ந்து மஞ்சள் தூளாகும். மொட்டை மாடியில் போடாதீர்கள், நேர் வெயிலில் மணம் போய்ப் பூ வெளுக்கும். பட்டாசாலை நிழலில், காற்றோட்டத்தில், ஒரு பூவின் மேல் இன்னொன்று ஏறாமல் பரப்பினால் போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளிர்ச்சி, நேரே அதன்மேல் போட்டால் அடிப்பக்கம் காயாது. துணி விரித்த சுளகு நல்லது. தினம் ஒருமுறை புரட்டுங்கள்.

ஐந்து கிலோ பச்சைப் பூ ஏறக்குறைய ஒரு கிலோவாகக் காயும். பூவின் நடுவை விரலால் அழுத்தினால் நொறுங்க வேண்டும். வெளியே மொறுமொறுப்பாக இருந்து நடுவில் மெத்தென்றிருந்தால் டப்பாவில் பூஞ்சை பிடிக்கும். பனையோலைக் கொட்டான் பார்க்க அழகு, ஆனால் சேமிக்கக் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டிதான் சரி.

மலேசியாவிலிருந்து கொண்டுவந்த ‘கிரிசாந்திமம் டீ’ கெமோமில் தானே?

அல்ல. மலேசியா, சிங்கப்பூரோடு கொடுக்கல் வாங்கல் உள்ள நம் வீடுகளில் இந்தப் பொட்டலம் அடிக்கடி வரும். அது சீனச் செவ்வந்தி, கிரிசாந்திமம் மோரிஃபோலியம். பூ பெரிது, நாக்குகள் பல அடுக்கு, கெமோமிலின் பொள்ளல் கூம்பு இருக்காது. நல்ல பானம்தான், வேறு செடி.

கெமோமில் எண்ணெய் ஏன் நீலமாக இருக்கிறது? சாயம் சேர்க்கிறார்களா?

சாயம் இல்லை. பூவில் மெட்ரிசின் என்ற நிறமற்ற பொருள் இருக்கிறது. நீராவியில் வடிக்கும் சூட்டில் அது கமஅசூலின் என்ற நீலப்பொருளாக மாறுகிறது. ஜெர்மன் வகையில் கருநீலம். ரோமன் எண்ணெய் வெளிர் நீலமாக வந்து, வைத்திருக்க மஞ்சளாகும். அதனால் ‘ரோமன்’ என்று எழுதிய குப்பியில் மைபோன்ற நீலம் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

பார்த்தீனியம் பட்டால் அரிப்பு வருபவர்கள் கெமோமில் குடிக்கலாமா?

ஆஸ்டரேசியே குடும்பச் செடிகளில் ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு மற்றொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பார்த்தீனியமோ செவ்வந்தியோ பட்டுத் தடிப்பு, மூச்சிரைப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கெமோமிலைக் குடிக்கவோ தோலில் தடவவோ வேண்டாம். அரிதாக உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையும் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் கட்டாயம் கேட்க வேண்டும்.

செடியை வல்லுநரிடம் காட்டி உறுதிசெய்ய எங்கே போவது? எப்படிக் கொண்டுபோவது?

பக்கத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் (உலர்தாவரக் காப்பகம்) இருக்கிறது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல மையம். போகும் முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

கைபேசிப் படம் மட்டும் போதாது, ஏனென்றால் தீர்மானிக்கும் அடையாளம் பூவுக்குள்ளே இருக்கிறது. வேரோடு ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறி, செய்தித்தாள் மடிப்புக்குள் இலையும் பூவும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். 42 செ.மீ.க்கு மேல் நீளமாக இருந்தால் தண்டை ஆங்கில ‘N’ எழுத்துபோல மடக்கி வைக்கலாம். சில பூக்கள் முகம் தெரிய, சில பின்பக்கம் தெரிய, இரண்டு பூவாவது நீளவாக்கில் வெட்டியபடி இருக்கட்டும். மேலே கனமான பலகை வைத்து, முதல் நான்கு நாளும் தினமும் தாளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கறுத்துப்போகும், பூஞ்சை வரும். காய் இருந்தால் சிறு காகித உறையில் தனியே போடுங்கள். பறித்த இடம், தேதி, செடியின் உயரம், பச்சையாக இருந்தபோது பூவின் நிறம், கசக்கியபோது வந்த மணம் இவற்றை அன்றைக்கே ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். காய்ந்தபின் நிறமும் மணமும் மாறிவிடும், அந்தச் சீட்டில் உள்ளதுதான் வல்லுநருக்கு மிஞ்சும்.